ஓடுற மெஷினும் ஓட்டின கையும்

வழக்கமா ஒரு புத்தகத்தையோ ஒரு வருஷத்தையோ எடுத்துக்கிட்டுப் பேசுவோம். இந்தத் தடவை ஒரு சனிக்கிழமை மத்தியானத்தை எடுத்துக்கிறேன். கலிபோர்னியாவுல மவுன்டன் வியூன்னு ஒரு ஊர். அங்க கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம்னு ஒரு இடம் இருக்கு. கணினிகளுக்கும் வீடியோ கேம்களுக்கும் உலகத்துல இருக்கிற பெரிய அருங்காட்சியகங்கள்ல அதுவும் ஒண்ணு. நான், என்னோட பதினொரு வயசுப் பொண்ணு, ஊர்லேர்ந்து வந்திருந்த அம்மா, மூணு பேரும் போனோம்.

மூணு பேருக்கும் மூணு காரணம். எனக்கு அங்க இருக்கிற பி.டி.பி-1 என்கிற மெஷினைப் பார்க்கணும். பொண்ணுக்கு வீடியோ கேம் இருக்குன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். அம்மாவுக்கு ஒரு காரணமும் இல்லை. "வீட்ல தனியா உக்காந்து என்ன பண்றது, நானும் வரேன்"ன்னு செருப்பை மாட்டிக்கிட்டாங்க. அன்னிக்கு அந்த இடத்தை உண்மையாப் பார்த்தது அம்மாதான்னு இப்போ தோணுது. அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல அந்த இடம் எப்படி வந்ததுன்னு சொல்லிடறேன். எம்.ஐ.டி.யில 1950-கள்ல 'வேர்ல்விண்ட்'னு ஒரு பெரிய கணினி இருந்தது. 1970-களின் தொடக்கத்துல அது உடைசலுக்குப் போகிற நிலைமைக்கு வந்துடுச்சு. அப்போ டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமா டெக், அதை ஆரம்பிச்ச கென் ஓல்சன் தலையிட்டு அதைக் காப்பாத்தினார். இளைஞரா இருந்தப்போ அவர் வேலை பார்த்த மெஷின் அது. காப்பாத்தின பொருளை வைக்க இடம் வேணுமே. 1979-ல மாசசூசெட்ஸ்ல டெக் கட்டடத்துலயே ஒரு சின்ன அருங்காட்சியகம் தொடங்கிச்சு. 1984-ல அது பாஸ்டன் நகரத்துக்குப் போச்சு. 1990-களின் நடுவுல அதோட சேகரிப்பு கலிபோர்னியாவுக்கு நகர ஆரம்பிச்சது. இப்போ இருக்கிற கட்டடத்துல 2003-லேர்ந்து இயங்குது. ஆக, ஒரு மெஷினைத் தூக்கிப் போட மனசு வராத ஒருத்தரால உண்டான இடம் இது. இதை மனசுல வெச்சுக்குங்க.

உள்ளே நிரந்தரக் கண்காட்சி ஒண்ணு, 2011-ல திறந்தது. கணக்கிடுதலோட முதல் 2000 வருஷம்னு தலைப்பு. மணிச்சட்டத்துல ஆரம்பிக்குது. நடந்துட்டே போனா ஹெர்மன் ஹாலரித் வர்றார். 1890-ல அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக, அட்டையில துளை போட்டு எண்ணுற இயந்திரத்தைச் செஞ்சவர். அந்தத் துளை அட்டைதான் அடுத்த 80 வருஷத்துக்கும் மேல கணக்கு உலகத்தையே ஆண்டது. அம்மா அந்தக் கண்ணாடிக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னாங்க. நான் கவனிக்கலை. பொண்ணு என்னைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருந்தா.

கிரே-1 சூப்பர் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு அவ கேட்ட கேள்வி: "அப்பா, இது சோபாவா?" கேள்வியில தப்பே இல்லை. 1976-ல வந்த அந்த மெஷின் வட்டமா, ஒரு பக்கம் வாய் திறந்து நிக்கும். கீழே சுத்தி மெத்தை வெச்ச இருக்கை. அந்த இருக்கைக்கு அடியிலதான் மின்சாரம் கொடுக்கிற பகுதிகள் ஒளிஞ்சிருக்கு. அஞ்சு டன் எடையுள்ள சோபா.

அப்புறம் கேம்ஸ் பகுதி. அங்க பாங் விளையாட்டோட முதல் பெட்டி இருக்கு. 1972-ல அட்டாரி கம்பெனியில புதுசா சேர்ந்த ஆல் அல்கார்ன் என்கிற பொறியாளருக்கு, கை பழகட்டும்னு கொடுத்த வேலை அது. ரெண்டு மட்டை, ஒரு பந்து. செஞ்சு பார்த்தா ரொம்ப நல்லா இருந்தது. பக்கத்து ஊரான சன்னிவேல்ல 'ஆண்டி காப்ஸ் டேவர்ன்'னு ஒரு மதுக்கடை. அங்க கொண்டுபோய் வெச்சாங்க. கொஞ்ச நாள்ல மெஷின் நின்னு போச்சுன்னு கடைக்காரர் கூப்பிட்டார். அல்கார்ன் போய்த் திறந்து பார்த்தா, காசு விழற இடம் ரொம்பி வழிஞ்சு, அதனாலதான் வேலை செய்யலை. வீடியோ கேம் தொழிலோட பிறப்புக் கதையா இதை எல்லாரும் சொல்லுவாங்க.

நான் பொண்ணுக்குச் சொன்னது வேற ஒண்ணு. இந்தப் பெட்டிக்குள்ள கணினி கிடையாது. நிரலும் கிடையாது. பந்து எங்க போகணும், மட்டையில எங்க பட்டா எந்தக் கோணத்துல திரும்பணும் எல்லாமே மின்சுற்றுதான். சாலிடர் வெச்சு எழுதின விளையாட்டு. "அப்போ இது ஓடுமா?"ன்னு கேட்டா. இது இங்க பார்க்கத்தான், ஆட முடியாதுன்னேன். முகம் சுருங்கிடுச்சு. "ஓடாத கேமை எதுக்கு வெச்சிருக்காங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த எபிசோடே.

இந்த அருங்காட்சியகத்துல ரெண்டு அறை தனி. குறிப்பிட்ட நாட்கள்ல, குறிப்பிட்ட நேரத்துல அங்க மெஷினை நிஜமாவே ஓட்டிக் காட்டுவாங்க. ஒரு அறையில பி.டி.பி-1. இன்னொண்ணுல ஐபிஎம் 1401. அன்னிக்கு ரெண்டும் உண்டு.

பி.டி.பி-1 அறைக்கு முதல்ல போனோம். டெக் கம்பெனி 1959-ல அறிமுகப்படுத்தின முதல் கணினி. விலை 1,20,000 டாலர். மொத்தமே ஐம்பத்துச் சொச்சம் தான் செஞ்சாங்க. அடிப்படை நினைவகம் 4,096 சொற்கள், ஒவ்வொண்ணும் 18 பிட். இன்னிக்குக் கணக்குல 9 கிலோபைட் சொச்சம். உங்க ஃபோன்ல இருக்கிற ஒரு சின்ன ஐகான் படமே அதைவிடப் பெரிசா இருக்கும். ஆனா அந்தக் காலத்துப் பெரும்பாலான கணினிகள்ல இல்லாத ஒண்ணு இதுல இருந்தது. ஒரு வட்டமான திரை. ஒரே ஆள் எதிர்ல உக்காந்து, விசையைத் தட்டினவுடனே பதில் பார்க்கலாம். மத்த பெரிய கணினிகள்ல அட்டைக் கட்டைக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போகணும். மறுநாள் தாள்ல பதில் வரும்.

1961-ல டெக் ஒரு பி.டி.பி-1-ஐ எம்.ஐ.டி.க்கு இலவசமாக் கொடுத்தது. அங்க பொம்மை ரயில் கிளப் ஒண்ணு இருந்தது. அதுல இருந்த பசங்களுக்கும் அவங்க நண்பர்களுக்கும் ஒரே கேள்வி: இந்த மெஷினோட திறமையை முழுசா வெளியே கொண்டுவர என்ன பண்ணலாம்? ஸ்டீவ் ரசல் எழுத ஆரம்பிச்சார். 1962-ல 'ஸ்பேஸ்வார்' பிறந்தது. ரெண்டு விண்கலம். ஒண்ணு ஊசி மாதிரி, இன்னொண்ணு ஆப்பு மாதிரி. ஒண்ணை ஒண்ணு சுடணும்.

இதுல எனக்குப் பிடிச்சது, அது ஒருத்தர் வேலையா நிக்கலைங்கிறது. சைன், கொசைன் கணக்குப் போடற நிரல் இல்லாம ரசல் தள்ளிப் போட்டுக்கிட்டிருந்தார். ஆலன் கோட்டாக் நேரா டெக் கம்பெனிக்குப் போய் அந்த நிரல் இருந்த காகித நாடாவை வாங்கிட்டு வந்து கையில கொடுத்துட்டார். டான் எட்வர்ட்ஸ் நடுவுல ஒரு சூரியனையும் ஈர்ப்பு விசையையும் சேர்த்தார். பின்னணியில நட்சத்திரங்கள் சும்மா இஷ்டத்துக்கு இருக்கேன்னு பீட்டர் சாம்சனுக்குப் பொறுக்கலை. நிஜ வானத்து வரைபடத்தை வெச்சு, எந்த நட்சத்திரம் எவ்வளவு பிரகாசம்னு கணக்குப் பார்த்து எழுதிச் சேர்த்தார். கணினியோட விசைகளைத் தட்டித் தட்டி முழங்கை வலிக்குதுன்னு கோட்டாக்கும் பாப் சாண்டர்ஸும் தனியா ஒரு கைப்பெட்டி செஞ்சாங்க. இன்னிக்கு நாம கேம் கன்ட்ரோலர்னு சொல்றோமே, அதோட முன்னோர்களில் ஒண்ணு.

யாரும் காப்புரிமை வாங்கலை. விக்கலை. நாடாவை நகல் எடுத்துக் கேட்டவங்களுக்குக் கொடுத்தாங்க. டெக் கம்பெனியே புது மெஷினைச் சோதிக்க இதை ஓட்ட ஆரம்பிச்சது. ஸ்பேஸ்வார் ஒழுங்கா ஓடினா மெஷின்ல குறையில்லைன்னு அர்த்தம். இதைப் பார்த்த தாக்கத்துலதான் 1971-ல ஸ்டான்ஃபோர்ட்ல 'கேலக்ஸி கேம்'னு காசு போட்டு ஆடற மெஷின் வந்தது. அதே வருஷம் நோலன் புஷ்னலும் டெட் டாப்னியும் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' செஞ்சாங்க. இவங்க ரெண்டு பேரும் அடுத்த வருஷம் தொடங்கினதுதான் அட்டாரி. இலவசமாக் கைமாறின ஒரு நாடாவிலேர்ந்து காசுப்பெட்டி ரொம்பி வழிஞ்ச மதுக்கடைக்கு வர பத்தே வருஷம்.

அந்த அறையில மின்விசிறிச் சத்தம். வயசான தன்னார்வலர் ஒருத்தர் எல்லாத்தையும் விளக்கிட்டு, கைப்பெட்டியை என் பொண்ணுகிட்டக் கொடுத்தார். எதிராளி நான். வட்டத் திரையில புள்ளிகள் முதல்ல நீலமா மின்னும், அப்புறம் மஞ்சள்பச்சையா மெதுவா மங்கும். ரேடாருக்காகச் செஞ்ச பூச்சு அது. விண்கலம் போன பாதை பின்னாடி வால் மாதிரி தொங்கும். வீட்டுல லேப்டாப்ல இதே விளையாட்டை எமுலேட்டர்ல ஆடியிருக்கேன். நிரல் அதேதான். ஆனா அந்த வால் இருக்காது. முதல் ஆட்டத்துல ரெண்டு பேரும் சூரியன்ல விழுந்து செத்தோம். மூணாவது ஆட்டத்துல அவ சூரியனைச் சுத்தி வளைச்சு வந்து பின்னாலேர்ந்து சுட்டா. 1962-ல எழுதின ஈர்ப்பு விசை, பதினொரு வயசுப் பொண்ணு கைக்கு ரெண்டு நிமிஷத்துல பிடிபட்டுடுச்சு.

இந்த மெஷின் தானா ஓடலை. பல வருஷம் சும்மா கிடந்தது. 2003 வாக்குல ஒரு தன்னார்வலர் குழு சேர்ந்து, ஒவ்வொரு பகுதியா சோதிச்சு, 2006-ல பொதுமக்களுக்குக் காட்டற அளவுக்குக் கொண்டுவந்தாங்க. முடிஞ்சதுக்கு ரெண்டு காரணம். வரைபடங்களும் நாடாக்களும் பத்திரமா இருந்தது. அதைவிட முக்கியம், சந்தேகம் கேட்க ஆள் இருந்தாங்க. ஸ்டீவ் ரசலே இங்க வந்து மக்களுக்கு ஓட்டிக் காட்டியிருக்கார். நாங்க போன அன்னிக்கு அவர் இல்லை.

அடுத்தது ஐபிஎம் 1401 அறை. இங்கதான் அம்மா.

1401-ம் 1959-ல அறிவிச்சதுதான். ஆனா பி.டி.பி-1 மாதிரி ஐம்பது இல்லை, பத்தாயிரத்துக்கும் மேல செஞ்சாங்க. வாடகை மாசம் 2,500 டாலர்லேர்ந்து. 1960-கள்ல உலகத்துல இருந்த கணினிகள்ல ஏறத்தாழ பாதி இந்தக் குடும்பம்தான்னு சொல்லுவாங்க. சம்பளப் பட்டியல், காப்பீட்டு பிரீமியம், மின்சார பில். இதுல விளையாட்டுக்கு யாரும் நேரம் ஒதுக்கலை. இந்தியாவுக்கும் இது வந்தது. மத்த நாடுகள்ல பயன்படுத்தித் திருப்பினதைச் சீர்பண்ணி, ஐபிஎம் இங்க வாடகைக்கு விட்டது. கணினி வந்தா வேலை போயிடும்னு கல்கத்தாவுல எல்ஐசி ஊழியர்கள் 1960-கள்ல நடத்தின போராட்டம் பிரபலம். 1978-ல ஐபிஎம் இந்தியாவை விட்டே போச்சு.

அந்த அறைக்குள்ள கால் வெச்சதும் அம்மா சொன்னாங்க: "இங்க செருப்பைக் கழட்ட வேண்டாமா?"

அம்மா கல்யாணத்துக்கு முன்னாடியும் பின்னாடி கொஞ்ச காலமும் சென்னையில ஒரு பெரிய ஆபீஸ்ல பஞ்ச் ஆபரேட்டரா வேலை பார்த்தவங்க. 1974-ல சேர்ந்தாங்க. எனக்கு இது தெரியும். ஆனா தெரிஞ்ச விதம் வேற. நான் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தப்போ அம்மா பக்கத்து வீட்டு மாமிகிட்ட "நானும் கம்ப்யூட்டர்ல வேலை பார்த்தவதான்"னு பெருமையாச் சொன்னாங்க. நான் சிரிச்சுக்கிட்டே, "அது டேட்டா என்ட்ரிம்மா"ன்னு திருத்தினேன். அதுக்கப்புறம் அந்த வேலையைப் பத்தி அம்மா என்கிட்டப் பேசினதா ஞாபகமே இல்லை. எனக்கு அன்னிக்கு அது பெரிசாப் படலை.

அறையோட ஒரு பக்கம் ஐபிஎம் 026 கீபஞ்ச் மெஷின்கள். சாம்பல் நிறம், மேஜை அளவு. வர்றவங்க தங்கள் பேரை ஒரு அட்டையில துளை போட்டு எடுத்துக்கிட்டுப் போகலாம். அட்டையில 80 நெடுவரிசை, 12 வரிசை. ஒரு எழுத்துக்கு ஒரு நெடுவரிசை. பொண்ணு உக்காந்தா. விசையை அழுத்தினா டக்குன்னு ஒரு அடி, மேஜையே அதிரும். அதுல அவளுக்கு ஒரே சந்தோஷம். பாதியில ஒரு எழுத்து தப்பாயிடுச்சு. துளை போட்டா போட்டதுதான், அழிக்க முடியாது. தன்னார்வலர் சிரிச்சுக்கிட்டே, பரவாயில்லை, புது அட்டையில முதல்லேர்ந்து அடிக்கலாம்னு சொன்னார்.

அம்மா தமிழ்லயே சொன்னாங்க: "முதல்லேர்ந்து எதுக்கு? தள்ளு கண்ணு."

உக்காந்தாங்க. தப்பான அட்டையை வெளியே விட்டாங்க. அது இடது பக்கம் நகர்ந்து படிக்கிற இடத்துல நின்னது. புது அட்டை துளை போடற இடத்துக்கு வந்தது. 'டூப்'னு ஒரு விசை இருக்கு. அதை அழுத்திப் பிடிச்சா, பழைய அட்டையில இருக்கிறதை மெஷினே படிச்சுப் புது அட்டையில அதே இடத்துல துளை போடும். தப்பான எழுத்து வர்றதுக்குச் சரியா ஒரு நெடுவரிசை முன்னாடி அம்மா விரலை எடுத்தாங்க. சரியான எழுத்தைத் தட்டினாங்க. திரும்ப டூப். மிச்சம் தானா வந்தது. பத்து வினாடிகூட இருக்காது. அட்டையை எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுத் துளை வழியாப் பார்த்துட்டுப் பேத்திகிட்டக் கொடுத்தாங்க.

அந்தத் தன்னார்வலர் முகத்தைப் பார்க்கணுமே. இந்த டூப் விசை எதுக்குன்னு அவர் தினமும் வாயால விளக்குவார் போல. வந்தவங்கள்ல ஒருத்தர் அதைச் செஞ்சு அவர் பார்த்திருக்க மாட்டார். எந்த மாடல்ல வேலை பார்த்தீங்கன்னு கேட்டார். "டுவென்டி நைன்" அப்படின்னாங்க அம்மா. 026-க்கு அப்புறம் 1964-ல வந்தது 029. அப்புறம் மெஷினோட மேல் பக்கம் இருந்த சின்னக் கண்ணாடி ஜன்னலைக் காட்டி, "டிரம் கார்டு போடலையா?"ன்னு கேட்டாங்க. அவர் எழுந்தே நின்னுட்டார்.

டிரம் கார்டுன்னா என்னன்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சது. ஒரு அட்டையில எந்த நெடுவரிசை வரைக்கும் எண், எதுலேர்ந்து எழுத்து, எதைத் தாண்டணும், எதை முந்தின அட்டையிலேர்ந்து நகல் எடுக்கணும் எல்லாத்தையும் இன்னொரு அட்டையில துளை போட்டு, அதை ஒரு உருளையில சுத்தி மெஷினுக்குள்ள மாட்டணும். அதுக்கப்புறம் மெஷின் அந்த ஒழுங்குப்படி நடக்கும். புது வேலை வந்தா புது டிரம் கார்டு. அதை அம்மாவும் தயார் பண்ணுவாங்களாம். அதுக்கு ஆங்கிலத்துல இருக்கிற இன்னொரு பேரு, புரோகிராம் கார்டு. நான் ஒண்ணும் பேசலை.

விசைப் பலகையைப் பத்தியும் சொன்னாங்க. எண்கள் வலது கைக்கு அடியில மட்டும். யு, ஐ, ஓ இருக்கிற இடத்துல 1, 2, 3. அதுக்குக் கீழ ஜே, கே, எல்-ல 4, 5, 6. ஏன் அப்படின்னா இடது கை தாளைப் புரட்டணும். கண் தாளைவிட்டு நகரக்கூடாது. மணிக்கு 8,000 கீ அடிக்கணும்னு கணக்கு. ஒருத்தர் அடிச்சதை இன்னொருத்தர் வெரிஃபையர்னு ஒரு மெஷின்ல மறுபடி முழுசா அடிப்பாங்க. ரெண்டும் ஒத்துப்போனா அட்டையோட ஓரத்துல ஒரு சின்ன வெட்டு விழும். ஒத்துப்போகலைன்னா தப்பான நெடுவரிசைக்கு மேல வெட்டு. "கட்டை அடுக்கி ஓரத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்டா, எந்த அட்டை சரியில்லைன்னு." அம்மா ஆபீஸ்ல அந்த வேலை பார்த்த எல்லாருமே பெண்கள். பில்லுல தப்பு வந்தா கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்லுவாங்களாம். சரியா வந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம்.

இந்த இடத்துல ஒரு பழைய கதை ஞாபகம் வருது. 1946 பிப்ரவரியில அமெரிக்காவுல இனியாக் கணினியை உலகத்துக்குக் காட்டினாங்க. 17,000-க்கும் மேல வால்வு. பீரங்கிக் குண்டு போகிற பாதையைக் கணக்குப் போட்டுக் காட்டின அந்தச் செயல்விளக்கத்துக்கு நிரல் அமைச்சவங்க பெண்கள். கே மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன் என்று ஆறு பேர் கொண்ட குழு அது. கையேடு கிடையாது. வரைபடத்தைப் பார்த்துத் தாங்களே கத்துக்கிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி நடந்த விருந்துக்கு அவங்களைக் கூப்பிடலை. நாற்பது வருஷம் கழிச்சு, 1980-கள்ல, கேத்தி கிளைமன் என்கிற மாணவி பழைய ஃபோட்டோவைப் பார்த்து இந்தப் பெண்கள் யாருன்னு விசாரிச்சாங்க. கிடைச்ச பதில்: விளம்பரத்துல ஃபிரிட்ஜ் பக்கத்துல நிப்பாங்களே, அந்த மாதிரி மாடல்கள். அவங்க நம்பலை. தேடிப் போய், உயிரோட இருந்தவங்களைச் சந்திச்சுப் பேட்டி எடுத்தாங்க. ஜீன் ஜென்னிங்ஸ், பின்னாள் பேரு ஜீன் பார்ட்டிக், 2008-ல இதே கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் தன்னோட உயரிய 'ஃபெலோ' கௌரவத்தைக் கொடுத்தது. அப்போ அவங்களுக்கு வயசு 83.

ஃபோட்டோ இருந்தது. மெஷினோட பாகங்கள் இருந்தது. ஓட்டினது யாருங்கிறது மட்டும் அழிஞ்சு போகப் பார்த்தது. கேட்க ஒருத்தர் போனதால தப்பிச்சுது.

இப்போ பொண்ணோட கேள்விக்கு வருவோம். ஓடாத கேமை எதுக்கு வெச்சிருக்காங்க? பொருளை வெச்சுக்கிறது ஒரு பாதி. ஓட்டறது இன்னொரு பாதி. அந்த இன்னொரு பாதி கண்ணாடிப் பெட்டியில அடங்காது. கையிலேர்ந்து கைக்குத்தான் போகும். 1401 அறையில மெஷின் ரெண்டு இருக்கு. ஒண்ணு ஜெர்மனியிலேர்ந்து, இன்னொண்ணு கனெக்டிகட் மாநிலத்துலேர்ந்து வந்தது. அதைச் சீர்பண்ணி ஓட வெச்சவங்கள்ல நிறையப் பேர் அந்தக் காலத்துல இதே மாதிரி மெஷின்களோட வேலை பார்த்து ஓய்வு பெற்றவங்க. அந்த அறையில நின்னப்போ நான் மனசுக்குள்ள அவங்க வயசைக் கூட்டிப் பார்த்தேன். இன்னும் இருபது வருஷம் கழிச்சு அட்டை சிக்கிக்கிட்டா யார் எடுப்பாங்க?

பழைய மெஷினுக்குத்தான் இந்தப் பிரச்சனைன்னு நினைக்காதீங்க. புதுசுக்கு இன்னும் மோசம். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்னு ஒரு அமைப்பு 2023-ல ஒரு ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவுல 2010-க்கு முன்னாடி வெளிவந்த விளையாட்டுகள்ல 87 சதவீதம் இன்னிக்குக் கடையில வாங்கவே கிடைக்காது. நூலகங்கள் அவற்றை ஆராய்ச்சியாளர்களுக்கு இணையம் வழியாத் திறந்து காட்ட அனுமதி கேட்டாங்க. 2024 அக்டோபர்ல அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் மறுத்துடுச்சு. பொழுதுபோக்குக்கு ஆடிடுவாங்கங்கிற கவலை அதுக்கு முக்கியமான ஒரு காரணம். புத்தகத்தை ஒருத்தர் சந்தோஷத்துக்காகப் படிச்சிடுவார்னு பயந்து நூலகத்தை யாரும் பூட்டறதில்லை.

இன்னொரு உதாரணம். 'தி க்ரூ'ன்னு ஒரு கார் பந்தய விளையாட்டு, 2014-ல யூபிசாஃப்ட் வெளியிட்டது. தனியா ஆடினாலும் கம்பெனி சர்வரோட தொடர்பு இருந்தாத்தான் ஓடும். 2024 மார்ச் கடைசியில சர்வரை அணைச்சாங்க. காசு கொடுத்து வாங்கி வட்டை அலமாரியில வெச்சிருக்கிறவங்ககூட ஆட முடியலை. ரசிகர்கள் சிலர் அந்த சர்வரைத் தாங்களே திரும்ப எழுதி உயிர் கொடுக்கப் பாடுபட்டாங்க. இங்கயும் கடைசியில கைகள்தான்.

யோசிச்சுப் பாருங்க. 1962-ல எழுதின ஸ்பேஸ்வாரை என் பொண்ணு ஆடினா. 2014-ல வந்ததை அதை வெளியிட்டவங்க வழியா ஆட முடியாது. பழசு தப்பிச்சதுக்குக் காரணம், அதைச் செஞ்சவங்க நாடாவை நகல் எடுத்துக் கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்தாங்க. எப்படி வேலை செய்யுதுன்னு எழுதி வெச்சாங்க. கேட்டா சொன்னாங்க. இதுல ஏதாவது ஒண்ணு இல்லைன்னாலும் அந்த வட்டத் திரை வெறும் கண்ணாடிதான்.

திரும்பி வரும்போது கார்ல பொண்ணு தூங்கிட்டா. அம்மா முன் இருக்கையில. நான் கேட்டேன், "ஏம்மா, இதையெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீ கேக்கலையேடா."

கோபமெல்லாம் இல்லை. விவரம் சொல்ற மாதிரிதான் சொன்னாங்க. நான் ரோட்டையே பார்த்துக்கிட்டு ஓட்டினேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. இந்தப் பாட்காஸ்டுக்கு வெச்சிருக்கிற மைக்கை அம்மாவுக்கு முன்னாடி வெச்சேன். மூணு மணி நேரம் பேசினாங்க. ஷிஃப்ட் எத்தனை மணிக்கு, அட்டைக் கட்டு கீழ விழுந்து வரிசை கலைஞ்சா எப்படித் திரும்ப அடுக்குவாங்க, ஏசி அறைக்குள்ள ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு சென்னை மே மாசத்துல உக்காந்திருந்தது, ரிசல்ட் வரும்போது பிரின்டர் சத்தத்தை வெச்சே எந்த வேலை ஓடுதுன்னு கண்டுபிடிச்சது. அதை ஒலிபரப்ப அம்மா சம்மதிக்கலை. "வீட்டோட இருக்கட்டும்"ன்னுட்டாங்க. அதனால அந்தக் குரல் இங்க இல்லை. ஆனா பதிவு இருக்கு, ரெண்டு இடத்துல நகலும் இருக்கு.

உங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்கலாம். டெலக்ஸ் அடிச்சவங்க, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல இருந்தவங்க, அச்சுக் கோத்தவங்க, வீடியோ கேம் பார்லர் நடத்தினவங்க. அவங்க தொட்ட மெஷின் ஏதோ ஒரு ஊர் அருங்காட்சியகத்துல பத்திரமா இருக்கும். அதை எப்படி ஓட்டினாங்கங்கிறது அவங்க விரல்லதான் இருக்கு. ஃபோன்ல ரெக்கார்டர் இருக்கு. கேளுங்க.

இப்போ யாராவது என் தொழிலைப் பத்தி விசாரிச்சா, எங்க வீட்டுல நான் ரெண்டாவது தலைமுறைன்னு சொல்றேன். அம்மா பக்கத்துல இருந்தா "சும்மா இருடா"ம்பாங்க. திருத்தறதில்லை.